வினாவின் வழியே விடை

உரைநடை உலகம்

நுழையும்முன்

இருவர் பேசும்போது பேச்சு திசை மாறினால் இருவரும் அதனை அறிவர். நூறு பேர் கடிதம் வழியே பேசும் இடத்தில் பேச்சு திசை மாறினால், வினவியவர் விடையின்றி நிற்பார். பின்னர் வந்து தேடுபவர் வழி தவறுவார். மின்னஞ்சல் வழியே பலர் கூடி உரையாடும்போது மறுமொழி எவ்வாறு அமைய வேண்டும், பொருளை மாற்ற விரும்புபவர் எவ்வாறு மாற்ற வேண்டும் என்பன குறித்த கருத்துகளை இப்பாடம் முன்வைக்கிறது.

விடையும் வினாவும்

தொல்காப்பியர், சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், விடையும் வினாவும் வழுவின்றி அமையுமாறு காத்தல் வேண்டும் என நெறி வகுத்துள்ளார். விடையைச் 'செப்பு' என்னும் சொல்லால் அவர் குறிப்பிடுகிறார். எழுவாயும் பயனிலையும் இயைய வேண்டும் என்று கூறும் இலக்கணம், ஒருவர் கேட்பதும் மற்றவர் கூறுவதும் இயைய வேண்டும் என்றும் கூறுவது நம் மொழிக்குரிய சிறப்பாகும். "திருத்தணிக்கு வழி யாது?" என்று வினவியவரிடம், "இவ்வாண்டு மாங்காய் விளைச்சல் குறைவு" என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அவர் கூறிய தொடரில் எழுத்துப்பிழை இல்லை, சொற்பிழை இல்லை, செய்தியும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் விடை என்ற நிலையில் அது பிழையே. இத்தகைய பிழையைச் செப்பு வழு என்பர்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், வினாஎதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பாக விடை தருவன. "கணினி இயக்கத் தெரியுமா?" என்று கேட்டால், "தட்டச்சு செய்யத் தெரியும்" என்பது இனமொழி விடை. கேட்டதற்கு நேரான விடை அன்று. எனினும் கேட்டவருக்கு வேண்டிய செய்தி அதனுள் இருக்கிறது. ஆகவே அது விடையாக ஏற்கப்படுகிறது. விலகிச் செல்லும் பேச்சு அனைத்தையும் நம் இலக்கணம் தள்ளவில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். விலகினாலும் வினாவோடு உறவு உடையதா, இல்லையா என்பதே அதன் அளவுகோல்.

இந்த அளவுகோல் இன்று நமக்கு முன்னைவிட மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஓலையிலும் தாளிலும் எழுதிய காலத்தில் மறுமொழி எழுத நேரம் பிடித்தது. எழுதுவதற்குமுன் வினாவை மீண்டும் படிக்கும் வழக்கமும் இருந்தது. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் மறுமொழி ஆயிரம் பேருக்குச் சென்று சேர்கிறது. அனுப்புவது எளிதாகிவிட்டது, படிப்பது எளிதாகவில்லை. அனுப்புபவர் மிச்சப்படுத்தும் ஒரு நிமிடத்தைப் படிப்பவர் ஆயிரம் பேரும் தத்தம் நேரத்திலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே மறுமொழி நெறி என்பது வெறும் மரியாதை குறித்தது அன்று; பிறர் காலத்தின்மீது நமக்குள்ள பொறுப்புக் குறித்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மடல்களால் எழுந்த தமிழ்ப்பணி

ஒரு பொது முகவரிக்கு ஒருவர் எழுதும் மின்னஞ்சல், குழுவின் உறுப்பினர் அனைவருக்கும் சென்று சேரும் ஏற்பாட்டை மடலாடற்குழு என்கிறோம். இதனைத் தானே நிருவகிக்கும் 'லிஸ்ட்செர்வ்' என்னும் மென்பொருளை 1986ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பயின்றுகொண்டிருந்த எரிக் தாமஸ் உருவாக்கினார். அதன்பின் அறிவியலாளர், மொழியறிஞர், மாணவர் எனப் பலதிறத்தாரும் இவ்வகைக் குழுக்களில் கூடினர்.

தமிழர் இவ்வசதியை விரைந்து கைக்கொண்டனர். 1995ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட், தமிழ் மடலாடற்குழுக்களுள் முன்னோடியானது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தமிழ்நாடு, ஐரோப்பா, அமெரிக்கா எனப் பரந்து வாழ்ந்த தமிழர் அதன்வழி மடல் பரிமாறிக்கொண்டனர். தொடக்கத்தில் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதினர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தமிழ் எழுத்திலேயே மடல் எழுத வழிசெய்தன.

அக்காலத்தில் ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண்களைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய மடல், வேறோர் எழுத்துரு உடையவரின் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இதனைத் தீர்க்கப் பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் 1997ஆம் ஆண்டு முதல் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி, 'திஸ்கி' எனப்படும் பொதுக் குறியீட்டு முறையை வகுத்தனர். பின்னர் ஒருங்குறி பரவலானதும் அதன் தேவை குறைந்தது. எனினும், ஒரே அறையில் அமராதவர்கள் மடல்களாலேயே ஒரு மொழிக்கான குறியீட்டை ஆராய்ந்து முடிவுசெய்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவராகவும், அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைத்தலைவராகவும் பணியாற்றினர். தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்குவது அதன் நோக்கம். அத்திட்டத்தின் மின்பதிப்பு வரிசையில் முதல் எண் பெற்றது திருக்குறள். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்ய, வேறொரு நாட்டில் மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க, நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணையத்தில் ஏறின.

இத்தகைய கூட்டுப்பணியில் மறுமொழி நெறி எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நூலைத் தட்டச்சு செய்ய முன்வந்தவரின் மடல், வேறு பொருள் பேசும் மடல்களுக்கிடையே மறைந்துபோனால், அதே நூலை இன்னொருவரும் தட்டச்சு செய்யத் தொடங்கக்கூடும். ஓர் எழுத்தின் குறியெண் பற்றிய ஐயத்துக்கு நூல் வெளியீட்டு விழா பற்றிய மடலில் விடை எழுதினால், ஐயம் எழுப்பியவர் அதனைக் காணாமலே போகக்கூடும். ஊதியம் இல்லாமல் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்களிடம் இருக்கும் ஒரே செல்வம் காலம். அதனை வீணாக்காமல் காப்பது குழுவின் கடமை.

பொருளும் பார்வையும்

இந்நெறிகள் அயல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதலாம். அலுவலகக் கடிதம் எழுதக் கற்ற மாணவர் எவரும் அவ்வாறு கருத வேண்டியதில்லை. அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் முகவரிக்கும் விளித்தலுக்கும் பின் 'பொருள்' என்று எழுதி, கடிதம் எதனைப் பற்றியது என்பதை ஒரே தொடரில் குறிக்கிறோம். அதன்கீழ் 'பார்வை' என்று எழுதி, எந்நாளிட்ட எக்கடிதத்துக்கு இது மறுமொழி என்பதைத் தெரிவிக்கிறோம். ஒரு கடிதத்தில் ஒரு பொருளே இடம்பெற வேண்டும் என்பதும் அலுவலக மரபு. குடிநீர்க் குழாய் வேண்டி எழுதும் விண்ணப்பத்தில் தெருவிளக்கையும் சேர்த்து எழுதினால், இரண்டும் இருவேறு மேசைகளுக்குச் செல்ல வேண்டியவை ஆதலால், ஒன்று நின்றுபோகும்.

மின்னஞ்சலிலும் இவ்விரண்டும் உள்ளன. மடலின் தலைப்பில் எழுதும் பொருள் வரி கண்ணுக்குத் தெரிகிறது. பார்வை என்னும் பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் இருக்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் வேறெதற்கும் இல்லாத தனி அடையாள எண் உண்டு. ஒரு மடலைத் திறந்து 'மறுமொழி' என்னும் பொத்தானை அழுத்தியதும், நாம் எழுதப்போகும் மடலின் தலைப்பகுதியில் பழைய மடலின் அடையாள எண் பதிவாகிறது. 1982ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 822 என்னும் ஆவணத்திலேயே இதற்குரிய இடம் வகுக்கப்பட்டுவிட்டது. இந்த எண்களைக் கொண்டே மென்பொருள்கள் மடல்களை ஒரே இழையாகக் கோத்துக் காட்டுகின்றன.

தெரிந்து தெளிவோம்

மறுமொழி மடல்களின் பொருள் வரியில் 'ரி:' என்னும் முன்னொட்டு தோன்றுவதைக் காணலாம். மறுமொழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே அது எனப் பலர் எண்ணுகின்றனர். அது இலத்தீன் சொல். 'இப்பொருள் குறித்து' என்பது அதன் கருத்து. நம் கடிதங்களில் 'பொருள்' என்று எழுதுவதும் அதுவும் ஏறத்தாழ ஒன்றே. அம்முன்னொட்டோடு மடல் அனுப்புபவர், "நான் இதே பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன்" என்று படிப்பவருக்கு உறுதி கூறுகிறார்.

பொருள் மாறும்போது

உரையாடலில் பொருள் மாறுவது இயல்பு. ஒரு கருத்து இன்னொன்றை நினைவூட்டும். ஒரு விடையிலிருந்து புதிய வினா பிறக்கும். இதனைத் தடுப்பது அறிவு வளர்ச்சியைத் தடுப்பதாகும். பொருள் மாறியதை அறிவிக்காமல் மாற்றுவதே தவறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஓர் ஊரின் முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு மடலாடற்குழு நடத்துகிறார்கள் என்று கொள்வோம். மேனிலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர், "கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்றிதழ் போதுமா? சாதிச் சான்றிதழும் வேண்டுமா?" என்று கேட்டு எழுதுகிறார். முதல் மறுமொழி, சான்றிதழ் பெற வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றபோது பேருந்து கிடைக்காமல் காத்திருந்ததைக் கூறுகிறது. இரண்டாவது, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு விடப்படும் சிறப்புப் பேருந்துகளைப் பற்றிப் பேசுகிறது. மூன்றாவது முதல் முப்பதாவது வரை திருவிழா நினைவுகள் தொடர்கின்றன. முப்பது மடல்களின் தலைப்பிலும் 'கல்வி உதவித்தொகை' என்றே இருக்கிறது. விடை தெரிந்த ஆசிரியர் ஒருவர் தலைப்பைப் பார்த்து, "முப்பது பேர் விடை கூறிவிட்டனர், இனி நான் எழுத வேண்டியதில்லை" என்று கடந்துவிடுகிறார். மாணவியோ, "என் வினாவுக்கு யாரும் விடை தரவில்லை, மீண்டும் கேட்டால் தொல்லை என்று எண்ணுவார்களோ?" எனத் தயங்குகிறார். விண்ணப்பிக்கும் இறுதிநாள் கடந்துபோகிறது.

இந்நிகழ்வில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இல்லை. முப்பது பேரும் நல்லவர்களே. ஆனால் அவர்கள் பேச்சின் சுமை, குழுவில் வயதிலும் துணிவிலும் இளையவரான ஒருவர்மீது விழுந்தது. பொருள் மாறும் குழுவில் முதலில் விடையின்றி நிற்பவர் எப்போதும் புதியவரே. பழகியவர்கள் எந்த மடலிலும் பேச்சைத் தொடர்ந்துகொள்வார்கள். புதியவருக்குத் தன் வினா எழுதிய அந்த ஓர் இடம் மட்டுமே இருக்கிறது.

ஆகவே பொருள் மாறும்போது இரு வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும். முற்றிலும் புதிய பொருளாயின், பழைய மடலைத் திறக்காமல் புதிய மடலைத் தொடங்க வேண்டும். பலர் பழைய மடலுக்கு மறுமொழி இடும் பொத்தானை அழுத்திவிட்டுப் பொருள் வரியை மட்டும் மாற்றுகின்றனர். அடையாள எண் உள்ளே தொடர்வதால், மடல்களை அவ்வெண் கொண்டு கோக்கும் மென்பொருள் இப்புதிய மடலையும் பழைய இழையிலேயே வைக்கிறது. வெளியே புதுப்பெயர், உள்ளே பழைய முகவரி. அத்தகைய மடல் உரியவர் கண்ணில் படாமல் போவதில் வியப்பில்லை.

பழைய பொருளிலிருந்து கிளைத்த பொருளாயின், தொடர்பை அறுக்க வேண்டியதில்லை. பொருள் வரியில் புதுத் தலைப்பை எழுதி, அதன்பின் அடைப்புக்குறிக்குள் 'முன்பு' என்று குறித்துப் பழைய தலைப்பையும் எழுதலாம். 'திருவிழாச் சிறப்புப் பேருந்துகள் (முன்பு: கல்வி உதவித்தொகை)' என்று எழுதினால், பேச்சு எங்கிருந்து பிரிந்தது என்பதும், பழைய வினா இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது என்பதும் ஒருங்கே விளங்கும். அடுத்து எழுதுபவர் அடைப்புக்குறிப் பகுதியை நீக்கிவிடலாம். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு.

யாருக்கு மறுமொழி?

மறுமொழியில் பொருளுக்கு அடுத்துக் கருத வேண்டியது பெறுநர். வினவியவருக்கு மட்டும் உரியதா, குழுவினர் அனைவருக்கும் பயன்படுவதா என்று எண்ணியபின்னரே அனுப்ப வேண்டும். "நன்றி", "வாழ்த்துகள்", "எனக்கும் அதே கருத்து" போன்ற ஒற்றை வரிகளைத் தனி மடலாக அனுப்புவதே பொருத்தம். மாறாக, பலருக்கும் பயன்படக்கூடிய விடையைத் தனி மடலில் எழுதினால், அதே வினாவைப் பின்னர் கேட்பவருக்கு அது கிடைக்காது.

2016ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுத் துறையில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூரலாம். சோதனைக்காக அனுப்பப்பட்ட ஒரு மின்னஞ்சல், ஏறத்தாழ 8,40,000 ஊழியர்களின் முகவரிகளுக்குச் சென்றுவிட்டது. அதனைப் பெற்றவர்களுள் பலர், "என்னை இப்பட்டியலிலிருந்து நீக்குங்கள்", "அனைவருக்கும் மறுமொழி அனுப்பாதீர்கள்" என்று அனைவருக்கும் மறுமொழி அனுப்பினர். ஒவ்வொரு மறுமொழியும் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மடல்களாகப் பெருகியது. மருத்துவர்களும் செவிலியர்களும் பயன்படுத்தும் அஞ்சல் அமைப்பே அன்று தடுமாறியது. முதல் தவறு ஒன்றுதான். அதனைப் பெருக்கியவை, சிந்திக்காமல் இட்ட மறுமொழிகள்.

மேற்கோளும் மறுப்பும்

மறுமொழியில் எதிர்ப்பவர் கருத்தை எடுத்துக்காட்டும் முறையும் நேர்மைக்கு உரைகல் ஆகும். முழு மடலையும் அப்படியே சேர்த்து, அதன்கீழ் "ஆம்" என்று எழுதுவது படிப்பவரை அலைக்கழிப்பது. ஒரு சொல்லை மட்டும் பறித்தெடுத்து மறுப்பது, கூறியவரின் கருத்தைத் திரிப்பது. மறுமொழிக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்துக்காட்டி, அதன்கீழ் தம் கருத்தை எழுதுவதே முறை. இணையத்தில் நடந்துகொள்ளும் முறைகளைத் தொகுத்து 1995ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்னும் ஆவணமும் இதனையே வலியுறுத்துகிறது. உணர்ச்சி மேலிட்டு எழுதிய மறுமொழியை ஓரிரவு கடந்தபின் அனுப்புமாறும் அது அறிவுறுத்துகிறது.

மாற்றுக்கருத்துகளுக்கு மறுமொழி கூறும் பண்புக்கு நம் திருத்தணியில் பிறந்த அறிஞர் ஒருவரிடமிருந்து சான்று காட்டலாம். சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் தத்துவத்தைப் பற்றிய பெருநூல் ஒன்றை, பால் ஆர்தர் ஷில்ப் பதிப்பாசிரியராக இருந்து 1952ஆம் ஆண்டில் வெளியிட்டார். வாழும் தத்துவ அறிஞர்களைப் பற்றிய நூல்வரிசையில் அமைந்த நூல் அது. ஓர் அறிஞர் வாழும்போதே அவருடைய கருத்துகளைப் பலரும் ஆராய்ந்தும் மறுத்தும் எழுத வேண்டும்; அவற்றுக்கு அவரே விடை கூற வேண்டும் என்பது அவ்வரிசையின் அமைப்பு. அதன்படியே அறிஞர் பலர் எழுதிய கட்டுரைகளும், திறனாய்வாளர்களுக்கு இராதாகிருஷ்ணன் எழுதிய விடையும் ஒரே நூலின் இரு அட்டைகளுக்குள் இடம்பெற்றன. குடியரசுத் துணைத்தலைவராகப் பொறுப்பேற்ற அதே ஆண்டில், தம்மை மறுத்தவர்களுக்கும் மதிப்பளித்து விடை கூறிய நூல் அவர் பெயரால் வெளிவந்தது. வினாவும் விடையும் அருகருகே இருப்பதால், எவர் கருத்து ஏற்புடையது என்பதைப் படிப்பவரே முடிவுசெய்யலாம். நல்ல மறுமொழி, எதிர்த்தவர் சொல்லை மறைப்பதில்லை. அதனை முன்வைத்தே பேசுகிறது.

எல்லை ஊர் கற்பிக்கும் பாடம்

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில், திருத்தணிக்கு முன்னர் அமைந்த ஊர் கனகம்மாசத்திரம். சத்திரம் என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். சத்திரத்தின் திண்ணை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதே வேளையில் எவருக்கும் அயலானதும் அன்று. தங்குபவர், அடுத்து வருபவருக்கும் இடம் வேண்டும் என்று எண்ணித் தம் மூட்டையை ஓரமாக வைப்பார். புறப்படும்போது தாம் சமைத்த இடத்தைத் துப்புரவு செய்வார். அடுத்து வருபவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத ஒருவருக்காகச் செய்யும் இந்தச் சிறு செயலே பொதுவிடப் பண்பாடு. மடலாடற்குழுவும் ஒரு சத்திரமே. இன்று நாம் எழுதும் மறுமொழியை ஐந்தாண்டுக்குப்பின் ஒருவர் தேடிப் படிக்கக்கூடும். பொருள் வரி சரியாக இருந்தால் அவருக்கு விடை கிடைக்கும். இல்லையேல், விடை இருந்தும் கிடைக்காது.

எல்லைப்புற ஊர்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் நிகழ்ந்த எல்லை மாற்றத்தால், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல்நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்றும் இப்பகுதிக் கடைத்தெருக்களில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. தெலுங்கில் விலை கேட்பவருக்குத் தெலுங்கிலும், தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும் விடை கூறும் வணிகரை இங்கு எளிதில் காணலாம். வினவியவர் நிற்கும் இடத்துக்குச் சென்று விடை கூறுவது என்பதன் பொருள் இதுதான். அருஞ்சொற்களை அடுக்கி, கேட்டவருக்கு விளங்காத விடையைத் தருபவர், தம் புலமையைக் காட்டியவர் ஆவாரேயன்றி விடை கூறியவர் ஆகார்.

கட்டுப்பாடும் கனிவும்

இவ்வளவு நெறிகள் எதற்கு, பேச்சு ஆறுபோல் ஓட வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நெறிகளைக் காட்டிப் புதியவர்களை அச்சுறுத்தும் குழுக்களும் உண்டு. பொருள் வரி தவறியதற்காக நூறு பேர் முன்னிலையில் ஒருவரைக் கடிந்துகொண்டால், அவர் மீண்டும் எழுத மாட்டார். அவ்வாறு கடிந்துகொள்ளும் மடலும் பொருளுக்குப் புறம்பானது என்பதைக் கடிபவர் மறந்துவிடுகிறார்.

ஆறு ஓடத்தான் வேண்டும். ஆனால் அதிலிருந்து பிரியும் கால்வாய்க்குத் தனிப்பெயர் இருந்தால்தான் எந்த நீர் எந்த வயலுக்குச் செல்கிறது என்பது உழவருக்குத் தெரியும். நெறி அறிந்தவர் முதலில் தாம் அதனைக் கைக்கொள்ள வேண்டும். பிறர் தவறும்போது, தனி மடலில் இன்சொல்லால் தெரிவிக்க வேண்டும். பேச்சு திசை மாறியதைக் கண்டால், மாற்றியவரைக் குறை கூறாமல், "இப்பொருளுக்குப் புதிய மடல் தொடங்கியிருக்கிறேன்; அங்கே தொடர்வோம்; மாணவியின் வினாவுக்கு இங்கே விடை தருவோம்" என்று எழுதினால் போதும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் முப்பது பேருள் ஒருவர் இவ்வாறு எழுதியிருந்தால், அம்மாணவிக்கு உரிய நாளில் விடை கிடைத்திருக்கும்.

திருக்குறளில் அவையறிதல், சொல்வன்மை, பயனில சொல்லாமை என்று தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. அவையை அறிந்து பேசுதல், கேட்பவர் ஏற்குமாறு பேசுதல், பயனற்றதைப் பேசாதிருத்தல் ஆகிய மூன்றும் மறுமொழிக்கும் பொருந்துவனவே. கண்முன் இருந்த அவை இன்று கண்ணுக்குத் தெரியாத அவையாக மாறியிருக்கிறது. முகம் தெரியாததால், அவையில் இருப்பவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுவதில்லை.

மடல்களின் வாழ்நாள் எழுதியவரின் வாழ்நாளைவிட நீண்டது. உ.வே. சாமிநாதையருக்கு அறிஞர் பலர் எழுதிய கடிதங்கள், சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பழந்தமிழ்ச் சுவடிகள் எவ்வாறு தேடப்பட்டன, அச்சேறின என்பதை அறிய முயல்பவர்களுக்கு அக்கடிதங்கள் இன்று வழிகாட்டுகின்றன. நாளும் இடமும் பொருளும் குறித்து எழுதப்பட்டதனால்தான் அவை இன்றும் பயன் தருகின்றன. நம் தலைமுறையின் உரையாடல்களோ பெரும்பாலும் மின்வடிவில் உள்ளன. அவை நாளைய ஆய்வாளருக்குச் சான்றாவதும், தேட இயலாத குவியலாவதும், இன்று நாம் பொருள் வரியில் எழுதும் ஐந்தாறு சொற்களைப் பொறுத்தது.

வினவியவரை விடையின்றி அனுப்பாதிருத்தல், தம் பொருளைப் பிறர் பொருளுக்குள் நுழைக்காதிருத்தல், பின்வருபவருக்குத் தடம் விட்டுச் செல்லுதல் ஆகிய மூன்றுமே மறுமொழி நெறியின் சாரம். இவற்றைக் கற்கத் தனிப் பயிற்சி தேவையில்லை. 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்துமுன், பொருள் வரியையும் பெறுநர் முகவரியையும் ஒருமுறை படித்துப் பார்க்கும் பழக்கம் போதும்.

மறுமொழி நெறிகள்

• வினாவை முழுமையாகப் படித்தபின் விடை எழுதுக.
• புதிய பொருளுக்குப் புதிய மடலைத் தொடங்குக. பழைய மடலின் பொருள் வரியை மட்டும் மாற்றாதிருக்க.
• கிளைத்த பொருளாயின், புதுத் தலைப்புடன் பழைய தலைப்பையும் அடைப்புக்குறிக்குள் குறிக்க.
• தேவையான அளவே மேற்கோள் காட்டுக.
• ஒருவருக்கு உரியதை ஒருவருக்கும், அனைவருக்கும் பயன்படுவதை அனைவருக்கும் அனுப்புக.
• சினத்தோடு எழுதியதை மறுநாள் படித்துப் பார்த்தபின் அனுப்புக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பினர் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு செய்திக்குழுவில் கடந்த வாரம் எழுப்பப்பட்ட வினாக்களுள் எத்தனைக்கு விடை கிடைத்தது எனக் கணக்கிட்டு, விடை கிடைக்காமைக்கான காரணங்களைக் கலந்துரையாடுக.

2. நன்னூல் கூறும் எண்வகை விடைகளுக்கும் மின்னஞ்சல் உரையாடலிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டு உருவாக்குக.

3. உங்கள் ஊருக்கு நூலகம் வேண்டி மாவட்ட நூலக அலுவலருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக. அதே செய்தியைப் பொருத்தமான பொருள் வரியுடன் மின்னஞ்சலாக மாற்றி அமைக்க.

4. 'உரையாடலில் பொருள் மாறுவது வளர்ச்சியா, இடையூறா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நடத்துக. எதிரணியினர் கூறியதை ஒரு தொடரில் எடுத்துரைத்த பின்னரே மறுத்துப் பேச வேண்டும் என்பதை விதியாகக் கொள்க.